நாயின் வயிற்றுக்கு எது ஒத்துக்கொள்ளும்? கால்நடை மருத்துவரின் பதில்கள்

செல்லப்பிராணிகள் பகுதிக்கு வந்த கடிதங்களில், நாய்களின் செரிமானக் கோளாறு பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நீளமான கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு நான்கு வயது, எடை 34 கிலோ. இரண்டு மாதமாக மலம் இளகியே போகிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக, சளியோடு போகிறது. சில நாள்களில் கடைசியில் ஒரு சொட்டு ரத்தமும் தெரிகிறது. முன்பு காலையில் பாலும் பிஸ்கட்டும், மதியம் தயிர்ச்சோறும், இரவில் கறிக்கடையில் வாங்கும் கோழித் தலை, கால், தோல் ஆகியவற்றைச் சோற்றோடு குக்கரில் வேகவைத்தும் கொடுத்து வந்தோம். பேதி தொடங்கியதும் பாலை நிறுத்தினோம்; பிறகு பாக்கெட் உணவுக்கு மாறினோம்; அது சரிப்படவில்லை என்று வேறு கம்பெனி பாக்கெட் வாங்கினோம்; பக்கத்து வீட்டார் சொன்னதால் முட்டையும் சோறும் கொடுத்தோம்; இப்போது தயிர்ச்சோறு மட்டும் கொடுக்கிறோம். மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரையைக் கொடுத்தால் இரண்டு நாள் நிற்கிறது, மறுபடி வந்துவிடுகிறது. மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறது, விளையாடுகிறது, இளைக்கவில்லை. எந்த உணவைக் கொடுத்தால் இது நிற்கும்?
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு மாதத்தில் ஐந்து முறை உணவை மாற்றியிருக்கிறீர்கள். இடையிடையே மாத்திரையும் கொடுத்திருக்கிறீர்கள். இவற்றில் எது உதவியது, எது கெடுத்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நாயின் கணையம் சுரக்கும் நொதிகளும் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களும் ஒரு புதிய உணவுக்குப் பழகச் சில நாள்கள் பிடிக்கும். அந்தப் பழக்கம் ஏற்படும் முன்பே அடுத்த உணவு வந்துவிட்டால், முதல் உணவில் கோளாறே இல்லாவிட்டாலும் மலம் இளகத்தான் செய்யும். ஆகவே எந்த உணவு என்று கேட்பதற்கு முன்னால், எடுக்கும் உணவை எத்தனை நாள் மாற்றாமல் கொடுக்க முடியும் என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு வாரம் என்பதுதான் என் பதில்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பெருங்குடலைச் சுட்டுகின்றன. அடிக்கடி போவது, அளவு குறைவாக இருப்பது, சளி, கடைசியில் புதிய சிவப்பு ரத்தம், இவ்வளவு இருந்தும் எடை குறையாமல் இருப்பது ஆகிய எல்லாம் அப்படித்தான். சிறுகுடலில் கோளாறு என்றால் நாய் இரண்டு மூன்று முறைதான் போகும். ஆனால் ஒவ்வொரு முறையும் அளவு நிறைய இருக்கும், நாளடைவில் உடம்பும் இளைக்கும். இந்த வேறுபாட்டை நீங்கள் கவனித்து எழுதியிருப்பது பெரிய உதவி. பலர் 'பேதி' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள்.

உணவில் கை வைக்கும் முன் மலப் பரிசோதனை ஒன்று அவசியம். குடற்புழுக்களும் ஜியார்டியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியும் இதே அடையாளங்களைத் தரும். புழுவின் முட்டைகளும் ஜியார்டியாவின் கூடுகளும் ஒவ்வொரு நாளும் மலத்தில் வெளிவருவதில்லை. எனவே ஒரு நாள் மாதிரியில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் திருப்தி அடையாமல், மூன்று வெவ்வேறு நாள்களின் புதிய மலத்தைக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் பழைய உணவுப் பட்டியலைப் பார்ப்போம். பாலை நிறுத்தியது சரி. குட்டிப் பருவம் கடந்த பெரும்பாலான நாய்களுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. தயிரில் அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதி புளிக்கும்போதே லாக்டிக் அமிலமாகிவிடுவதால், பாலைவிடத் தயிரை நாய்கள் எளிதாகத் தாங்கும். ஆனால் தயிர்ச்சோறு மட்டுமே முழு உணவு ஆகாது. 34 கிலோ எடையுள்ள நாய்க்கு வேண்டிய புரதம் அதில் இல்லை. பிஸ்கட் 100 கிராமில் ஏறத்தாழ 450 கலோரி இருக்கிறது. அதிலிருப்பது மைதா, சர்க்கரை, கொழுப்பு. அதை அடியோடு விட்டுவிடலாம்.

என் சந்தேகம் அதிகமாக விழுவது கோழிக் கழிவின் மேல்தான். தலை, கால், தோல் என்று கறிக்கடையில் மலிவாகக் கிடைப்பதைக் கொண்டு நம் ஊரில் ஆயிரக்கணக்கான நாய்கள் வளர்கின்றன. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு நாள் பையில் தோல் நிறைய வரும், மறுநாள் கால் நிறைய வரும். குக்கரைத் திறந்ததும் மேலே ஒரு விரல் கனத்துக்கு மஞ்சளாக மிதக்கும் எண்ணெயை நீங்களே பார்த்திருப்பீர்கள். செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் கொழுப்பை அங்குள்ள நுண்ணுயிர்கள் வேறுவகைக் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. அவை குடல்சுவரைத் தூண்டித் தண்ணீரைச் சுரக்கவைக்கின்றன. விளக்கெண்ணெய் பேதியை உண்டாக்குவதும் ஏறக்குறைய இதே வழியில்தான்.

எனவே முதல் இரண்டு வாரத்துக்கு இப்படிச் செய்யுங்கள். தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து நன்றாக உதிர்த்துக்கொள்ளுங்கள். பச்சரிசியைக் குழைய வடித்துக்கொள்ளுங்கள். கறி ஒரு பங்கு, சோறு இரண்டு பங்கு என்ற கணக்கில் கலந்து, உப்பு, எண்ணெய், மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் கொடுங்கள். உங்கள் நாயின் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,400 கலோரி போதும். சமைத்த பிறகு நிறுத்தால் 350 கிராம் கறியும் 600 கிராமுக்குச் சற்று அதிகமான சோறும் அந்த அளவைத் தரும். இதை நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பெருங்குடல் கோளாறில் கரையும் நார்ச்சத்து நன்றாகவே வேலை செய்யும் என்பதால், ஒரு தேக்கரண்டி இசப்கோல் உமியைத் தண்ணீரில் ஊறவைத்து, கூழான பிறகு ஒரு வேளை உணவில் கலந்துவிடுங்கள். ஊறவைக்காமல் தூளாகப் போடக்கூடாது. இசப்கோல் பிடிக்காவிட்டால் வேகவைத்து மசித்த பரங்கிக்காய் இரண்டு மேசைக்கரண்டி போதும். இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம்.

ஒரு பழைய நோட்டை எடுத்துத் தேதி, எத்தனை முறை போனது, எப்படி இருந்தது, சளி உண்டா, ரத்தம் உண்டா என்று தினமும் எழுதி வையுங்கள். கால்நடை மருத்துவத்தில் மலத்தின் தன்மையை 1 முதல் 7 வரை எண் கொடுத்துக் குறிப்பதுண்டு: 1 என்றால் உருண்டை உருண்டையாகக் கெட்டி, 7 என்றால் வெறும் தண்ணீர், 2 அல்லது 3 என்றால் நல்ல நிலை. 'கொஞ்சம் பரவாயில்லை' என்ற வார்த்தையைவிட, 'திங்களன்று 6, வெள்ளியன்று 4' என்ற குறிப்பு மருத்துவருக்கு நூறு மடங்கு பயன்படும்.

உணவால் வரும் குடல் கோளாறு என்றால், சரியான உணவு கிடைத்த இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் நல்ல மாற்றம் தெரியும். தெரியவில்லை என்றால் கோழிப் புரதமே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். நாய்களுக்கு ஒவ்வாமை தரும் உணவுகளில் மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை ஆகியவை முன்வரிசையில் இருக்கின்றன. அப்போது உங்கள் நாய் இதுவரை சாப்பிட்டே இராத ஒரு புரதத்துக்கு, உதாரணமாக முள் நீக்கிய கடல்மீனுக்கோ கொழுப்பு நீக்கிய ஆட்டுக்கறிக்கோ மாறி, சோற்றுக்குப் பதிலாக உருளைக்கிழங்கையோ சர்க்கரைவள்ளிக்கிழங்கையோ சேர்த்து மறுபடி இரண்டு வாரம் பார்க்க வேண்டும். புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவப் பாக்கெட் உணவும் கிடைக்கிறது. விலை அதிகம், ஆனால் சமைக்கும் வேலை இல்லை. எந்த வழியில் போனாலும் அந்த இரண்டு வாரமும் வேறு எதுவும் வாய்க்குள் போகக்கூடாது. வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும்போது உருட்டிப் போடும் ஒரு கவளம், பிள்ளைகள் மேசைக்கடியில் நீட்டும் முறுக்கு, மாத்திரையை மறைக்கும் ரொட்டித் துண்டு ஆகிய எல்லாமே கணக்கில் சேரும். உணவுச் சோதனை தோற்றுப்போகும் வீடுகளில் காரணம் பெரும்பாலும் பாசம்தான். நாய்க்குச் சாப்பாடு போடும் பொறுப்பை இந்த இரண்டு வாரத்துக்காவது ஒரே ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

எலும்பில்லாத கறியும் சோறும் நீண்ட நாளைக்கு ஆகாது. அதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மலம் சீரானதும், முழுச் சத்துள்ள ஓர் உணவுக்கு ஏழு முதல் பத்து நாளில் மெல்ல மாறுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் புதியது கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால், அதன்பின் முழுதும் என்று போகலாம். நடுவில் மலம் இளகினால் முந்தைய படிக்குத் திரும்பி அங்கேயே சில நாள் நிற்க வேண்டும். வீட்டுச் சமையலையே தொடர விரும்பினால், கழுவிக் காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓட்டுத் தூள் ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு அந்த அளவு போதும். மற்ற தாதுக்களையும் வைட்டமின்களையும் மருத்துவர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

மருந்துக்கடை மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அது மெட்ரோனிடசோலாக இருந்தால், கெட்ட நுண்ணுயிர்களோடு நல்லவற்றையும் அது குறைத்துவிடுகிறது. சாதாரணப் பேதிக்கு அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. லோபரமைடாக இருந்தால், கோலி போன்ற சில மேய்ச்சல் இன நாய்களுக்கு அது மூளையையே பாதிக்கும். உங்களுடையது லாப்ரடார் என்பதால் அந்த ஆபத்து குறைவு; ஆனாலும் நிறுத்திவிடுங்கள். இரண்டு உணவுச் சோதனைக்குப் பிறகும் நிற்கவில்லை, அல்லது இடையில் எடை குறைகிறது, மலம் தார் போலக் கறுக்கிறது, வாந்தி சேர்கிறது என்றால் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் போக வேண்டும்.

கேள்வி: இரண்டு வயது ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்க்கிறேன். மூன்று நாய்க்குப் போடும் சாப்பாட்டைச் சாப்பிடுகிறது. ஆனாலும் எலும்பும் தோலுமாக இருக்கிறது. மலம் மாட்டுச் சாணி போல நிறைய, வெளிறிய நிறத்தில், எண்ணெய்ப் பசையோடு போகிறது. போனதையே திரும்பித் தின்னவும் பார்க்கிறது. பூச்சி என்று நினைத்து மூன்று முறை மருந்து கொடுத்தும் பயனில்லை. முட்டையைக் கூட்டலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கூட்ட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காமல் போகும் நோயின் அடையாளங்களோடு அப்படியே பொருந்துகிறது. ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தில் இது பரம்பரையாக வருகிறது. இளம் வயதிலேயே தலைகாட்டும். நொதி இல்லாததால் எவ்வளவு சாப்பிட்டாலும் அது உடைபடாமல் வெளியே போகிறது. நாய் பட்டினியில்தான் இருக்கிறது. தன் மலத்தையே தின்னப் பார்ப்பதும் அந்தப் பசியால்தான். இதற்காக அதை அடிப்பவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, டிரிப்சின் போன்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் ஒரு பரிசோதனை இதை உறுதிசெய்யும். உறுதியானால் ஒவ்வொரு வேளை உணவிலும் கணைய நொதித் தூளைக் கலந்து வாழ்நாள் முழுதும் கொடுக்க வேண்டும். தூள் கிடைக்காத இடங்களில் இறைச்சிக் கூடத்திலிருந்து பச்சைக் கணையத்தை வாங்கி, நறுக்கி உறையவைத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. அது நல்ல பலன் தரும், ஆனால் வேகவைத்தால் நொதி அழிந்துவிடும். மனிதர்களுக்கான, குடலில் கரையும்படி மேல்பூச்சுப் போட்ட மாத்திரைகள் நாய்களுக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. இந்நோயில் வைட்டமின் பி12 பெரும்பாலும் குறைந்திருக்கும். அதை ஊசியாகவோ மாத்திரையாகவோ ஈடுசெய்யாவிட்டால், நொதி கொடுத்தும் நாய் தேறாது. உணவைப் பொறுத்தவரை எளிதில் செரிக்கும், நார்ச்சத்து குறைந்த உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். முட்டை கூடாது என்பதல்ல. செரிக்க வழி செய்யாமல் எதைக் கூட்டினாலும் வீண். சரியாகக் கவனித்தால் இந்த நாய் சில வாரத்தில் சதை போடத் தொடங்கும். நோய் உறுதியானால் அதை இனப்பெருக்கத்துக்கு மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: எழுபது நாள் குட்டி. நேற்றிலிருந்து வாந்தி, மலம் ரத்தமாக, சகிக்க முடியாத நாற்றத்தோடு போகிறது. மோரும் மாதுளைத் தோல் கஷாயமும் கொடுக்கிறோம். வேறு என்ன கொடுக்கலாம்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இதழ் வரும் வரை காத்திருக்கக்கூடிய கேள்வி அல்ல இது என்பதால், இவருக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் ரத்தப்பேதியும் சேர்ந்து வந்தால், பார்வோ வைரஸ் என்றே எடுத்துக்கொண்டு அந்த மணியே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய இந்த வைரஸ் குடலின் உட்சுவரையே உரித்துவிடுகிறது. அங்கே மோருக்கும் கஷாயத்துக்கும் வேலை இல்லை. வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் எதையும் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. குட்டியைக் காப்பாற்றுவது நரம்பு வழியாக ஏற்றும் டிரிப்ஸும் மருத்துவமனைக் கண்காணிப்பும்தான். வாந்தி அடங்கியவுடன் சிறிது சிறிதாக உணவைத் தொடங்குவது குடல் ஆறுவதற்கு உதவும். எப்போது என்பதை மருத்துவர் சொல்வார். தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் கடக்கும் வரை போட வேண்டும். ஒரே ஊசியோடு நிறுத்திவிட்டு 'ஊசி போட்டாயிற்று' என்று சொல்லும் வீடுகளிலிருந்தும் குட்டிகள் இந்நோயோடு வருகின்றன.

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. எட்டு வயதுப் பொமரேனியனுக்கு (9 கிலோ) நெய் விட்டுப் பிசைந்த சோறு, தயிர்ச்சோறு, பண்டிகை நாளில் எங்களுக்குச் செய்வதில் கொஞ்சம் என்றுதான் கொடுப்பது வழக்கம். தீபாவளிக்கு மறுநாள் விடாமல் வாந்தி. முன்னங்காலை நீட்டித் தரையில் படுத்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு முனகியது. கணையத்தில் அழற்சி என்று சொல்லி நான்கு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். இப்போது தேறிவிட்டது. இனி பழைய உணவைக் கொடுக்கலாமா? சைவ உணவிலேயே சமாளிக்க முடியுமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: பழைய உணவுக்குத் திரும்ப வேண்டாம். முன்பக்கத்தைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கும் அந்த நிலை, மேல்வயிற்று வலி தாங்காத நாய் எடுக்கும் நிலை. அதைக் கவனித்து உடனே கொண்டுபோனதால்தான் பிழைத்திருக்கிறது. கணைய அழற்சிக்கு எப்போதும் காரணம் தெரிவதில்லை என்றாலும், கொழுப்பு மிகுந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவது அடிக்கடி காணப்படுகிறது. ஒருமுறை வந்த நாய்க்கு மறுபடி வரக்கூடும்.

ஒரு மேசைக்கரண்டி நெய்யில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. 9 கிலோ எடையுள்ள, அதிகம் ஓடியாடாத நாய்க்கு நாள் முழுதுக்கும் தேவைப்படுவதே 500 கலோரி அளவுதான். நமக்கு ஒரு கரண்டியாகத் தெரிவது அதற்கு ஒரு நாளைய தேவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகிறது. நெய், வெண்ணெய், வடை, அப்பளம், தேங்காய்ப்பால் ஆகியவற்றை இனி முழுவதுமாக விலக்குங்கள். பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை வேறொரு காரணத்துக்காக எல்லா நாய்களுக்கும் ஆகாது. சில நாய்களில் சில திராட்சைகளே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்திருக்கின்றன, எந்த நாய்க்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. (நம் ஊரில் பொமரேனியன் என்று விற்கப்படும் நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற இனம், ஆனால் கொழுப்பு விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே அறிவுரைதான்.)

சைவத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பூனையைப் போல நாய் இறைச்சியின்றி வாழவே முடியாத பிராணி அல்ல. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு ஒன்றில், மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளும் நாய்களிடம் 4 முதல் 30 வரையும் இருப்பதைக் கண்டார்கள். மனிதனோடு சேர்ந்து சோறும் ரொட்டியும் தின்று வந்த காலத்தில் ஏற்பட்ட மாற்றம் அது. ஆகவே குழைய வேகவைத்த சோறு உங்கள் நாய்க்குப் பிரச்சினை இல்லை, புரதம்தான் பிரச்சினை. கொழுப்பு நீக்கிய பாலில் தோய்த்த தயிர், அதே பாலில் செய்த பனீர், நன்றாக வேகவைத்துப் பிழிந்த சோயா, குழைந்த பாசிப்பருப்பு ஆகியவற்றிலிருந்து அதைப் பெறலாம். ஒன்றைச் சேர்த்து ஒரு வாரம் பார்த்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கலந்தால் வாயுவும் பேதியும் வரும். இப்படிச் செய்தாலும் தாதுக்கள், வைட்டமின்கள், சில அமினோ அமிலங்கள் ஆகியவற்றுக்குத் துணைச் சத்து வேண்டியிருக்கும். எட்டு வயது ஆகிவிட்ட, கணையம் ஒருமுறை பாதிக்கப்பட்ட நாய்க்கு நானாக இருந்தால், கொழுப்பு குறைந்த மருத்துவப் பாக்கெட் உணவை அடிப்படையாக வைத்து, அதன்மேல் இரண்டு கரண்டி தயிர்ச்சோற்றைப் பிசைந்து கொடுப்பேன். உங்களுக்கும் மனநிறைவு, அதற்கும் பழகிய சுவை. வாங்கும்போது கொழுப்பின் அளவை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிப்பிப்பாறை நாய்க்கு விலா எலும்பு தெரிகிறது என்று நெய்யும் பச்சை முட்டையும் கொடுத்தோம். இப்போது பேதியாகிறது. எடை ஏற வேறு என்ன கொடுக்கலாம்?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: ஒன்றும் கொடுக்க வேண்டாம். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடி வேட்டையாடப் பழக்கப்பட்ட இனங்கள். கடைசி சில விலா எலும்புகள் தெரிவதும் வயிறு ஒட்டியிருப்பதும் அவற்றின் இயல்பான உடல்வாகு. லாப்ரடாரைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தால் நோஞ்சானாகத்தான் தோன்றும். நெய்யை நிறுத்துங்கள், முட்டையை வேகவைத்துக் கொடுங்கள், இரண்டு மூன்று நாளில் மலம் தானாகக் கட்டும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு, தொடைச் சதை கரைந்திருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். அப்போது ஈறுகள் வெளுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். கொக்கிப்புழுவும் உண்ணிக் காய்ச்சலும் அப்படிக் காட்டும், அவற்றுக்கு உணவால் தீர்வில்லை.

கேள்வி: ஒன்பது வயது நாட்டு நாய், ஆண். வாரம் இரண்டு முறை ஆட்டெலும்பு போடுகிறோம். மறுநாள் வெள்ளையாகச் சுண்ணாம்புக்கட்டி போல மலம் உதிர்கிறது. வெகுநேரம் முக்கி அழுகிறது. பரங்கிக்காய் கொடுத்தும் முழுதாகச் சரியாகவில்லை. மனிதர்களுக்கு வைக்கும் எனிமா வைக்கலாமா?
– வாசகர், சென்னை

பதில்: எனிமாவை நீங்களாக வைக்கவே கூடாது. கடையில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமா, சிறிய உடம்புள்ள பிராணிகளின் ரத்தத்தில் பாஸ்பேட்டை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். வெள்ளை மலம் எலும்புத் தூளால் வருவது. எலும்பை நிறுத்தினால் அது போய்விடும். அதுவும் வெந்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும் என்பதால், அதை எந்த வயது நாய்க்கும் போட வேண்டாம். கடித்து விளையாட ஏதாவது வேண்டுமென்றால் ஒரு முழுக் கேரட் போதும். தண்ணீர் குடிப்பது குறைவாக இருந்தால், உணவிலேயே உப்பில்லாத வெந்நீரோ கறி வேகவைத்த தண்ணீரோ விட்டுக் கஞ்சிப் பதத்தில் கொடுங்கள். நார்ச்சத்தை மட்டும் கூட்டித் தண்ணீரைக் கூட்டாவிட்டால் கட்டு இறுகும்.

எலும்பை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியும் முக்கல் தொடர்ந்தால், மலச்சிக்கலை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. கருத்தடை செய்யாத வயதான ஆண் நாய்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி மலக்குடலைக் கீழிருந்து அழுத்தும். மலம் நாடா போலத் தட்டையாக வரும், சில சமயம் சிறுநீரில் ரத்தமும் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள்: முக்குவது மலத்துக்கா, சிறுநீருக்கா என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. காலைத் தூக்கியபடி நின்று சொட்டுச் சொட்டாகப் போனாலோ ஒன்றுமே வராவிட்டாலோ அது சிறுநீர் அடைப்பு. மறுநாள் வரை வைத்துக்கொள்ள முடியாது. அன்றைக்கே அருகிலுள்ள மருத்துவரிடமோ வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். போகும்போது கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, எப்போது மலம் கழித்தது என்ற இரண்டு நேரங்களையும் குறித்துக்கொண்டு போனால், அங்கே முதலில் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.